மதுரைவீரன் பணியில் இருக்கிறார்

செவ்வாய்க்கிழமை காலை, டீக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மதுரைவீரன் செத்துப்போனான்.

ஆதனக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் பாய்லர் பார்க்கிற வேலை அவனுக்கு. பச்சைக் கொட்டை மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தவன், "மச்சான், நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று பக்கத்தில் நின்ற குழந்தைசாமியிடம் சொன்னான். மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். மூட்டையை முதலில் தூக்கினார்கள்.

குழந்தைசாமி, மதுரைவீரனின் மனைவி அமுதவல்லிக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஆலை வேனில் மச்சானைக் கிடத்திப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனான். ஆடுகளை அப்படியே காட்டில் விட்டுவிட்டு அமுதவல்லியும் பஸ் பிடித்து ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பிராங்க்ளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டார். நெஞ்சில் குழாய் வைத்தார். "முடிஞ்சுபோச்சும்மா" என்றார். அதுவரை எல்லாம் உலக வழக்கப்படிதான் நடந்தது.

அப்புறம் டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மதுரைவீரனின் தொழிலாளர் எண்ணைத் தட்டினார். திரையில் பச்சை எழுத்து வந்தது.

'மதுரைவீரன் பணியில் இருக்கிறார். நாடித்துடிப்பு 72. நிலை: மிக நன்று.'

டாக்டர் திரையைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார். எழுந்து போய் மறுபடியும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இவரு உங்க வீட்டுக்காரருதானா?"

"ஆமாங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

ஒரு டாக்டர் இப்படிக் கேட்டதும் அமுதவல்லிக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். அதே மூக்கு. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கொப்புளம் கொப்புளமாக உரிந்த அதே கை.

"அவுகதாங்க."

"அப்ப ஆலையில வேலை பார்த்துக்கிட்டிருக்கிறது யாரு?"

டாக்டர் சர்டிபிகேட்டை மூடி வைத்தார். "நான் என் கையால ஒரு நிமிஷம் பிடிச்சுப் பார்த்தேன். அங்க நொடிக்கு ஆயிரம் தடவை பார்க்கிறாங்க. நான் எப்படிம்மா எதிர்த்து எழுத முடியும்?" என்றார். மதுரைவீரனைப் பிண அறையில் வைத்துப் பூட்டினார்கள். களஞ்சியம் சம்மதிக்காமல் உடலைத் தர முடியாது என்பது சட்டம்.

களஞ்சியம் என்றால் நெல் கொட்டுகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். 'மாவட்ட நிகழ்நேரத் தரவுக் களஞ்சியம்' என்பது அதன் முழுப்பெயர். சித்தன்னவாசல் போகிற ரோட்டில், சுற்றிலும் கருவேலங்காடு இருக்க, நடுவில் கண்ணாடியால் கட்டியிருக்கிறார்கள். மாவட்டத்திலுள்ள கல்லுடைக்கும் கிரஷர்களின் தூசி, பாய்லர்களின் அழுத்தம், கோழிப்பண்ணைகளின் சூடு எல்லாம் அங்கே வந்து சேரும். நொடிக்குப் பத்து லட்சம் அளவுகள். கண்மூடித் திறப்பதற்குள் சேமித்துவிடுவார்கள். அதில் பாதி நேரத்தில் எடுத்தும் கொடுப்பார்கள். வாசலில் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள்: 'இங்கே வராதது நடக்கவில்லை.'

ஆலைத் தொழிலாளிகளின் இதயமும் அங்கேதான் வருகிறது. ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். இதயம் நின்றால் உடனே களஞ்சியத்துக்குத் தெரியும், அங்கிருந்து ஆம்புலன்ஸ் பறந்து வரும் என்று ஏற்பாடு.

மதுரைவீரன் விஷயத்தில் ஏற்பாடு கெட்டது இப்படித்தான். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டைக்கு அடியில் புகுந்து வியர்வையோடு சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ஆகவே ஆலைக்குள் நுழைந்ததும் எல்லோரும் பட்டையைக் கழற்றி, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் குழாயில் வரிசையாக மாட்டிவிட்டு, போகும்போது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி அது அங்கே பழக்கம். அந்தக் குழாய் உடம்புச் சூட்டில் இருக்கும். பம்பு பழைய காலத்துப் பிஸ்டன் பம்பு. டக், டக் என்று இரவும் பகலும் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு அடி அடிக்கும்.

ஆகவே மதுரைவீரன் பிண அறையில் கிடந்தான். அவன் இதயம் ஆலையில் வேலை பார்த்தது.

*

"அதுக்கென்ன, பட்டையைக் கழட்டிட்டாப் போச்சு" என்றுதான் குழந்தைசாமியும் நினைத்தான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நேரே ஆலைக்குப் போனான். பம்பில் கை வைப்பதற்குள் முதலாளி ஆத்மநாதன் ஓடிவந்தார்.

"ஏப்பா கொழந்தச்சாமி, நீ செய்யிறது ஒனக்கே நல்லாருக்கா? இப்ப கழட்டுனா என்ன ஆகும்? ஆலைக்குள்ள ஒரு ஆளு செத்ததாக் காட்டும். ஆலையை மூடுவான். ஒன் மச்சான் நல்ல மனுசன், போற எடத்துல நம்ம வாயில மண்ணள்ளிப் போட நினைப்பானா?"

"அவுக ஆலைக்குள்ளதானங்க செத்தாக?" என்றாள் அமுதவல்லி.

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதுல்ல?" ஆத்மநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை உண்மையானது, பாய்லர் புகையும் கொஞ்சம் உதவியது. "அதோட அடுத்தவன் பட்டையை அடுத்தவன் தொடக் கூடாது ஆத்தா. ஜெயில். கட்டுனவனே வந்து கட்டைவிரல் வைக்கணும், இல்லாட்டி களஞ்சியத்து அதிகாரி வைக்கணும். மதுரைவீரனே வந்து கழட்டட்டும், நான் குறுக்க நிக்கமாட்டேன்."

ஊரில் இதற்குள் வேறொரு சிக்கல் முற்றியிருந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணம் சுடுகாடு போகும்வரை பங்காளி வீடுகள் எதிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. சம்பந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்து போடுவார்கள். முதல்நாள் போட்டார்கள். இரண்டாம் நாள் சாம்பார் தண்ணீராக வந்தது. மூன்றாம் நாள் சம்பந்தக்காரர்கள் போனை எடுக்கவில்லை. பங்காளிகள் பரோட்டாக் கடைக்கு நடந்தார்கள். கொட்டுக்காரர்கள் வேறு சாவுக்குப் போய்விட்டார்கள். பந்தல்காரர் கல்யாணம் ஒன்று இருக்கிறதென்று கீற்றைப் பிரித்தார். அடுக்கி வைத்த விறகில் கோழி முட்டையிட்டது.

"எப்பத்தா எடுக்குறது?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் அமுதவல்லியைக் கேட்டார்கள். அவளும் அதை மட்டும்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நிலபுலன் கேட்கவில்லை, நியாயம் கேட்கவில்லை. கட்டின புருசனை மொத்தமாகக் கொண்டுவந்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, நெருப்பு வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

*

வெள்ளிக்கிழமை அண்ணனும் தங்கச்சியும் களஞ்சியத்துக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. விசாரணை மேசையில் கலைமதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம்.

"சொல்லுங்கம்மா. எந்தத் தகவலா இருந்தாலும் உடனே எடுத்துத் தருவோம்."

"எங்க வீட்டுக்காரர் செவ்வாக்கெழம செத்துப்போனாகம்மா. அதை எடுத்துக் குடுங்க."

கலைமதி தட்டினாள். தட்டிய சத்தம் அடங்குவதற்குள் திரை நிறைந்துவிட்டது. "மதுரைவீரன். போன ஆடியில வெள்ளிக்கிழமை ஒண்ணுல கேட்டுக்கு வெளியில நின்னு பீடி குடிச்சிருக்காரு. குடிச்சிட்டு இருமியிருக்காரு. வேணுங்களா?"

"வேணாம்மா."

"பொங்கலுக்கு முந்தின வாரம் உங்களுக்கு போன் பண்ணி, 'மீன் வாங்கிட்டு வரவா, கறி வாங்கிட்டு வரவா'ன்னு கேட்டிருக்காரு. நீங்க 'என்னத்தையோ வாங்கிட்டு வாங்க'ன்னு எரிஞ்சு விழுந்திருக்கீங்க. குரலோட இருக்கு. போடவா?"

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் வேணாந்தாயி. செத்தது இருக்கான்னு பாரு."

கலைமதி பாவம், நல்ல பெண். மேலும் கீழும் தேடினாள். "இல்லைங்கம்மா. செவ்வாய்க்கிழமை முழுக்கப் பார்த்துட்டேன். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. கீழ விழுந்த மாதிரி கேமராவுல இருக்கு. ஆனா விழுந்தப்பக்கூடப் பதட்டப்படலையே அவரு! எங்க சார்கூட எழுபத்திரண்டுல இருக்கமாட்டாருங்க."

சார் என்பது இயக்குநர் ரகுநாத். அவள் சத்தத்தைக் கேட்டு அவரே வெளியில் வந்துவிட்டார். மதுரைவீரனின் மனைவி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அமுதவல்லியை வாழ்க்கையில் ஒரு அதிகாரி கும்பிட்டது அதுதான் முதல்தடவை.

"உட்காருங்கம்மா. உங்க கணவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. கட்டிக்கிட்டு இருவது வருசம் ஆச்சுங்க."

"தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சது சோறு திங்கிற மதுரைவீரன். எனக்குத் தெரிஞ்சது தரவு. இந்த மாவட்டத்துல எத்தனையோ ஆயிரம் இதயம் வருதும்மா எங்களுக்கு. ஏறுது, இறங்குது, சம்பள நாள்ல குதிக்குது. அந்த ஆலையில மட்டும் எல்லா இதயமும் ஒரே சீரா, ஒரே நேரத்துல அடிக்குது. இதைப் பத்தி நான் வெளிநாட்டுல ஒரு கட்டுரை வாசிச்சேன். 'உழைப்பால் ஒன்றான இதயம்.' வெள்ளைக்காரன் எழுந்து நின்னு கைதட்டினான். அதுலயும் செவ்வாய்க்கிழமையிலருந்து ராத்திரி பகலா ஒரு துடிப்புகூட மாறாம உங்க கணவர்தான் முதல் இடம். நாளைக்கு டெல்லியிலருந்து குழு வருது. மாவட்டத்தின் சிறந்த இதயம்னு அவரைத்தான் திரையில காட்டப்போறேன்."

"அய்யா, அது பம்பு."

"எது?"

"பம்புங்கய்யா. பட்டையைக் கையில கட்டுனா வெந்துபோகுதுன்னு எல்லாரும் பம்புல மாட்டியிருக்காக. அங்க அடிக்கிறது பம்பு. அவுக ஆஸ்பத்திரியில கெடக்காக."

ரகுநாத் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. உண்மையைத் தேடுகிற மனிதர் அவர். உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

ஆலையில் பம்பு முன்னால் அவர் ரொம்ப நேரம் நின்றார். குழாயில் பட்டைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் சின்னப் பச்சை விளக்கு ஒரே நேரத்தில் கண்சிமிட்டியது. வரிசையின் கடைசியில் ஆத்மநாதனின் பட்டையும் தொங்கியது. இதயம் நன்றாக இருந்தால் முதலாளிகளுக்கு இன்சூரன்ஸில் சலுகை உண்டு. ரகுநாத் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். டக், டக்.

குழந்தைசாமி தங்கச்சியின் காதில், "முடிஞ்சுதுத்தா. சாயங்காலத்துக்குள்ள எடுத்துரலாம்" என்றான்.

ரகுநாத் திரும்பினார். "அம்மா, நான் மறைச்சுப் பேசுற ஆள் இல்லை. இது பம்புதான்."

"அய்யா நல்லாருக்கணும்."

"ஆனா ஒண்ணு யோசிங்க. தரவைச் சேகரிக்கிறது சென்னையில வேற ஒரு துறை. சேமிக்கிறதும் எடுத்துக்கொடுக்கிறதும்தான் நான். வந்த தரவை நான் சரியாச் சேமிச்சேனா? சேமிச்சேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தேனா? கொடுத்தேன். அப்ப என் பக்கம் தப்பு எங்க இருக்கு?"

"தப்பு சொல்லலீங்கய்யா. பட்டையைக் கழட்டிருங்க, போதும்."

"கழட்டினா இவர் செத்ததாகும். செவ்வாய்க்கிழமை செத்தவர் வெள்ளிக்கிழமை செத்ததாப் பதிவாகும். அது பொய்த் தரவு. என் களஞ்சியத்துல நான் ஒரு பொய்யை அனுமதிக்கமாட்டேன்."

இந்த இடத்தில் ஆத்மநாதன் கைதட்டினார்.

ரகுநாத்துக்கு இன்னொரு கவலை பிடித்தது. பம்பு பழையது. சனிக்கிழமை குழு வரும்போது திடீரென்று நின்றுவிட்டால்? அங்கேயே உட்கார்ந்து ஒரு உத்தரவு எழுதினார். முந்திரி ஆலைத் தொழிலாளி மதுரைவீரன், தமது சீரான பணியைக் கருத்தில்கொண்டு, அயல்பணியில் மாவட்டத் தரவுக் களஞ்சியத்துக்கு மாற்றப்படுகிறார். அந்த அதிகாரத்தில் தம் கட்டைவிரலை வைத்துப் பட்டையைக் கழற்றினார். இதயம் நடுவில் நின்றுவிடக் கூடாதல்லவா, அதனால் தம் கையிலேயே கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வழி நெடுகப் பள்ளம். ஜீப் தூக்கிப் போட்டது. அமுதவல்லியின் போனில் மெசேஜ் வந்தது: 'உங்கள் கணவருக்கு லேசான படபடப்பு காணப்படுகிறது. மோர் கொடுக்கவும்.'

களஞ்சியத்தின் கம்ப்யூட்டர்களைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றும் பம்பு ஒன்று உண்டு. கரண்டு போனாலும் நிற்காது. ஜெனரேட்டருக்கு மேல் ஜெனரேட்டர். அதை எழுபத்திரண்டுக்குத் திருகிவைத்து, சூடேறித் திரும்பும் அதன் குழாயில் மதுரைவீரனை மாட்டினார்கள்.

அடுத்த மெசேஜ் வந்தது: 'வாழ்த்துகள். உங்கள் கணவர் அரசுப் பணியில் சேர்ந்தார்.'

*

அரசுப் பணி என்ற சொல்லுக்கு ஊரில் என்ன மரியாதை என்பதை அமுதவல்லி அன்றைக்குத்தான் பார்த்தாள். மதுரைவீரன் உயிரோடிருந்த காலத்தில் ஒரு டீகூட வாங்கிக்கொடுக்காத சித்தப்பா மகன் திருமுருகன், வாழைப்பழத்தோடு வந்தான்.

"மதினி, பங்காளியெல்லாம் உக்காந்து பேசுனோம். கவுருமெண்டே அண்ணன் உசுரோட இருக்காருங்கிறப்ப நாம சாவுத்தீட்டுன்னு அடுப்பை அணைச்சு வச்சிருக்கிறது முறையில்லைன்னு எல்லாரும் அபிப்பிராயப்படுறாக."

"ஒங்க அண்ணன் ஆஸ்பத்திரியில நாறிக்கிட்டு கெடக்காருய்யா."

"அது ஒரு பக்கம் இருக்கட்டும் மதினி. பிள்ளைக வயித்தைப் பாக்கணுமில்ல? எத்தனை நாளைக்குப் பரோட்டா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நம்ம பய டிப்ளமா முடிச்சிட்டுச் சும்மா இருக்கான். அண்ணன் இப்ப உள்ளதான இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."

வெள்ளிக்கிழமை மாலை பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் புகை எழுந்தது. இரண்டு வீட்டில் கறி.

அமுதவல்லி வீட்டு அடுப்பில் மட்டும் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. குழந்தைசாமி டீ வாங்கி வந்து தங்கச்சி கையில் திணித்தான். பிண அறைக் காவல்காரர் அவனுக்கு போன் பண்ணியிருந்தார். "தம்பி, பெட்டி கூலிங் பத்தல. நாளைக்குள்ள எடுத்துட்டா மொகமாச்சும் இருக்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

"அண்ணே, மொகம் பாக்கணும்ணே" என்றாள் அமுதவல்லி.

"நாளைக்கு எடுத்துருவோம்த்தா. நாளைக்கு நீ அந்த விழாவுக்குப் போ. எல்லார் முன்னாடியும் அவரு கால்ல விழு. டெல்லிக்காரக முன்னாடி முடியாதுன்னு சொல்லமாட்டாரு. நான் ஆலையில மொகத்தைக் காட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாரேன். பட்டையைப் பதியும்போது உடம்பை வாங்குறதுக்கு ஒன் பேரும் என் பேரும்தான குடுத்திருக்காரு? ரெண்டு பேருல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

*

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவது மாதம் ஒரு நாள் நடக்கிற காரியம். பேப்பரில் போட்டிருந்தார்கள். மற்ற மாதங்களில் அன்றைக்கு ஆலைக்கு லீவு விட்டுவிடுவார்கள்; இந்த மாதம் இருந்த குழப்பத்தில் யாருக்கும் அது நினைவில்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பம்பு டக் என்றது, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலையில் இருந்த அத்தனை பேரும் அந்த நொடியில் செத்துப்போனார்கள்.

களஞ்சியம் இதற்காகவே கட்டப்பட்டது, அது தடுமாறவில்லை. கரண்டு போன சத்தம் அடங்குமுன் எல்லோருக்கும் மரணச் சான்றிதழ் வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் நீங்கியது. பாங்கிக் கணக்கு உறைந்தது. குழந்தைசாமி பட்டாணி சுண்டல் தின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அலறிக்கொண்டு போன் பண்ணினாள்.

"என்னங்க, நீங்க எறந்துட்டதா மெசேஜ் வந்திருக்கு! ஆழ்ந்த அனுதாபம்னு போட்டிருக்கு!"

"நான் நல்லாத்தாண்டி இருக்கேன்."

"மேல கவுருமெண்டு முத்திரை போட்டிருக்கே!" என்று அவள் அழுதாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. செத்தவனின் சிம் கார்டைத் துண்டித்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ்கள் வந்து கேட்டில் வரிசையாக நின்றன. ஆலையின் தானியங்கிக் கதவு பேட்டரியில் ஓடும், உயிருள்ளவர்களுக்கு மட்டும்தான் திறக்கும் என்பதால் உள்ளே இருந்தவர்கள் சுவரேறிக் குதித்தார்கள். ஆத்மநாதன் கனத்த சரீரம்; ஏற முடியவில்லை. "நான்தாண்டா ஓனரு!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். கதவு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றது.

பத்து மணிக்கு ஜெனரேட்டர் வைத்துப் பம்பை ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாப் பட்டையும் எழுபத்திரண்டு அடித்தது. களஞ்சியம் மசியவில்லை. செத்தவர்களுக்கு நாடி துடிப்பது சாத்தியமில்லை என்று, அதை மோசடி எனப் பதிந்துகொண்டது. சேமித்தது சேமித்ததுதான், மாற்றுவதற்கு அதில் வழியே வைக்கவில்லை. அதுதான் அதன் சிறப்பு.

அதே நேரம் களஞ்சியத்தில் குழு வந்து இறங்கியிருந்தது. வரவேற்பு, மலர்க்கொத்து, நெய் மைசூர்பாகு. மேடையில் சுவர் உயரத்துக்குத் திரை. அதில் பச்சைக் கோடு ஒன்று அலை அலையாக ஏறி இறங்கியது. கீழே பெயர்: மதுரைவீரன். முதல் வரிசையில், 'குடும்பத்தினர்' என்று அட்டை தொங்கவிட்டு அமுதவல்லியை உட்காரவைத்திருந்தார்கள்.

ரகுநாத் காதில் யாரோ ஆலைச் செய்தியைச் சொன்னார்கள். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் மலர்ந்தது. நல்ல நிர்வாகிகளுக்கு அப்படித்தான். மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு துயரச் செய்தி. சற்று முன் ஒரு ஆலையில் பெரும் உயிரிழப்பு. நிகழ்ந்த அதே நொடியில் நம்மிடம் தகவல் இருக்கிறது. உலகத்தில் எந்த நாட்டிலும் இத்தனை பேரின் மரணம் இவ்வளவு வேகமாகச் சேமிக்கப்பட்டதில்லை. அந்த ஆலையின் தொழிலாளர்களில் இன்று உயிரோடிருப்பவர் ஒரே ஒருவர். நான் அவரை இங்கே மாற்றியதால்!"

கைதட்டல் அடங்க நேரமானது. அமுதவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று பக்கத்தில் நின்ற கலைமதியிடம் கேட்டாள்.

கலைமதி கண்ணீரோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஆலையில எல்லாரும் போயிட்டாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தாம்மா பொழச்சாரு."

ஆலைப் பம்பு நின்றுபோயிருக்கிறது என்று அமுதவல்லிக்குப் புரிந்தது. அவள் எழுந்தாள். எல்லோரும் அந்த அம்மா அழப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். கழுத்தில் தொங்கிய அட்டைக்கு எல்லாக் கதவும் திறந்தது. குளிர்ந்த அறைக்குள் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாயில் ஒரு பட்டை, ஒற்றைப் பச்சை விளக்கு. வாரில் முந்திரி எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. அவள் அதன்மேல் கை வைத்தாள். டக், டக்.

"போதுங்க. பார்த்த வேலை போதும். எந்திரிச்சு வாங்க, வீட்டுக்குப் போவம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தாள்.

மேடையில் பச்சைக் கோடு படுத்துவிட்டது.

ஐந்து நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த தகவலைக் களஞ்சியம் அப்போது தந்தது. மதுரைவீரன் இறந்த நேரம், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். இறந்த இடம். இறக்கும்போது அவனைத் தொட்டிருந்த கை, அந்தக் கையின் ரேகை, அந்த முகம். நான்கு கோணத்தில் படம். எல்லாம் ஒரே இமைப்பில் திரையில் வந்து நின்றன. குழுவினர் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ரகுநாத் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "என் கண்ணு முன்னாலயே கொன்னுட்டாளே!"

இன்ஸ்பெக்டர் விழாப் பாதுகாப்புக்கு வந்தவர் அங்கேயே இருந்தார். சாட்சி தேட வேண்டிய சிரமம் அவருக்கு இருக்கவில்லை.

*

மதுரைவீரன் செத்ததைக் களஞ்சியம் ஒப்புக்கொண்டுவிட்டதால் ஆஸ்பத்திரியில் தடை நீங்கியது. டாக்டர் பிராங்க்ளின் திரையைப் பார்த்து வாசித்தார். உடலைப் பெற உரியவர் முதலாவது: மனைவி அமுதவல்லி. கொலை வழக்கில் கைதானதால் தகுதியில்லை. இரண்டாவது: மைத்துனர் குழந்தைசாமி. காலமாகிவிட்டார்.

"டாக்டரய்யா, நான்தான் குழந்தைசாமி! இந்தா நிக்கிறேன்!"

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே ஆள்தான் என்று அவருக்குத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "நீங்க இறந்து நாலு மணி நேரம் ஆச்சுங்க. இப்படி எழுந்து நடமாடினா எனக்குத்தான் பிரச்சினை. உள்ள உங்களுக்கும் ஒரு பெட்டி ஒதுக்கிட்டாங்க, பேசாமப் போயிப் படுங்க. கூலிங் கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

மதுரைவீரனைக் கேட்பாரற்றவன் என்று எழுதி ஊழியர்கள் எரித்துவிட்டார்கள். முகம் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. எரிமேடையின் வெப்பநிலை நொடிக்கு நொடி பதிவாகியிருக்கிறது. கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

அமுதவல்லியை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, விசாரணைக் கைதிகளுக்கான பட்டையைக் கையில் கட்டினார்கள். மாட்டியதும் அது கத்த ஆரம்பித்தது. நூற்றிமுப்பது. நூற்றி நாற்பது.

"அம்மா, கொஞ்சம் அமைதியா இருங்கம்மா. இது இப்படிக் கத்துனா மேலருந்து என்னைக் கேப்பாக" என்று பெண் போலீஸ் அருணா கெஞ்சினாள். தண்ணீர் கொடுத்தாள். விசிறினாள். "ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க?"

அமுதவல்லி கையில் கட்டியிருந்ததைப் பார்த்தாள். அப்புறம் அருணாவைப் பார்த்தாள்.

"இங்கிட்டு தண்ணி மோட்டார் எங்க தாயி இருக்கு?"